நடையா, ஓட்டமா? கொடைக்கானலில் உங்கள் வேகத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வழிகாட்டி

“நான் மூச்சு வாங்க ஓடியும் கிலோமீட்டருக்கு 9 நிமிஷம் ஆகுது. பக்கத்து வீட்டு அக்கா நடந்தே 10 நிமிஷத்துல வந்துடறாங்க. அப்ப நான் ஓடி என்ன பிரயோஜனம்?” ஏரிச்சாலையில் புதிதாக ஜாகிங் ஆரம்பித்தவர்கள் இப்படிக் கேட்பது வழக்கம். அதே சாலையில், “நாங்க சும்மா நடக்கிறவங்கதானே” என்று தங்களைக் குறைத்துப் பேசும் நடைக்காரர்களும் உண்டு.

இரண்டு பேச்சுக்கும் காரணம் ஒன்றுதான். நிமிடக் கணக்கை மட்டும் வைத்து நடையையும் ஓட்டத்தையும் எடை போடுகிறார்கள். சமவெளியிலேயே அது சரிப்படாது, மலையில் சுத்தமாகச் சரிப்படாது. எந்தப் பாதை, எவ்வளவு மூச்சு, எவ்வளவு நேரம் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் வரும். அதை எப்படிப் பார்ப்பது என்று கொடைக்கானலை வைத்தே சொல்கிறேன். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கும் இது பொருந்தும்.

கணக்கை முதலில் சரி செய்துகொள்ளுங்கள்

நடைக்கும் ஓட்டத்துக்கும் பொதுவான அளவு, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்பது. ஓடுகிறவர்கள் இதைத்தான் ‘பேஸ்’ என்கிறார்கள். எண் குறையக் குறைய வேகம் கூடும். ஜிம்மில் உள்ள டிரெட்மில் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று காட்டும். 60-ஐ அந்த எண்ணால் வகுத்தால் பேஸ் கிடைத்துவிடும். மணிக்கு 5 கிலோமீட்டர் என்றால் 12 நிமிடம், 6 என்றால் 10 நிமிடம், 8 என்றால் ஏழரை நிமிடம்.

இந்த ‘ஏழரை’யில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கால்குலேட்டரில் 7.5 என்று வந்தால் அது 7 நிமிடம் 30 விநாடி. போன் செயலியில் 7:50 என்று இருந்தால் அது 7 நிமிடம் 50 விநாடி. ஒருவர் கால்குலேட்டர் எண்ணையும் இன்னொருவர் செயலி எண்ணையும் சொன்னால் ஒப்பீடு அங்கேயே கெட்டுப்போகும்.

அடுத்தது, நின்ற நேரம். சில செயலிகள் நீங்கள் நின்றதும் கடிகாரத்தைத் தானாக நிறுத்திவிடும். காட்டெருமை சாலையைக் கடக்கும்வரை நின்றது, தெரிந்தவரைப் பார்த்துப் பேசியது எல்லாம் கணக்கில் வராது. நிற்பதைச் சேர்ப்பதா விடுவதா என்பது உங்கள் விருப்பம். எதைத் தேர்ந்தாலும் எப்போதும் அதையே பின்பற்றுங்கள். என்னைக் கேட்டால், புதியவர்கள் நின்ற நேரத்தையும் சேர்த்தே எழுதுவது நல்லது. அடிக்கடி நின்று மூச்சு வாங்கி ஓடியதும் நிற்காமல் ஓடியதும் ஒன்றாகிவிடக் கூடாது அல்லவா?

எங்கே அளப்பது

கொடைக்கானலில் ஏரிச்சாலையை விட்டால் வேறு நல்ல இடம் இல்லை. இது இயற்கையாக அமைந்த ஏரி அல்ல. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் முயற்சியில் 1863-இல் ஓடை நீரைத் தேக்கி உருவாக்கியது. நீர்மட்டத்தை ஒட்டியே சாலை சுற்றி வருவதால், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றமோ இறக்கமோ வரும் இந்த ஊரில், பெரும்பாலும் சமதளமாகக் கிடைக்கும் நீண்ட பாதை இது ஒன்றுதான். ஒரு சுற்று சுமார் 5 கிலோமீட்டர். சைக்கிள் ஸ்டாண்டோ போட் கிளப் வாசலோ, கண்ணுக்குத் தெரிந்த ஓர் இடத்தை ஆரம்பமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அங்கேயே தொடங்கி அங்கேயே முடியுங்கள். சுற்றின் துல்லியமான நீளம் நூறு மீட்டர் கூடக் குறைய இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் முந்தைய சுற்றோடு ஒப்பிட அது தடையாக இராது.

கோக்கர்ஸ் வாக் வேண்டாம். 1872-இல் அமைந்த அந்த ஒரு கிலோமீட்டர் பாதை பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நிதானமாக நடக்கத்தான் லாயக்கு. கூட்டத்தில் ஓடினால் உங்களுக்கும் இடைஞ்சல், மற்றவர்களுக்கும் இடைஞ்சல்.

கொண்டை ஊசி வளைவுகளிலும் அடர்ந்த மரங்களுக்கு நடுவிலும் போன் காட்டும் தூரத்தை முழுதாக நம்பாதீர்கள். வளைவை அது குறுக்காக வெட்டிக் கோடு போட்டுவிடும். நீங்கள் நடந்த தூரம் குறைந்து, பேஸ் மோசமாகத் தெரியும். அந்த மாதிரி இடங்களில் சாலையோரக் கிலோமீட்டர் கல்லே மேல்.

மூன்று சுற்று, மூன்று நாள்

இதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான வேலை. மூன்றையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். இடையே ஒரு நாளாவது ஓய்வு விட்டு, முடிந்தவரை ஒரே நேரத்தில், ஒரே ஷூவோடு செய்யுங்கள். இதய நோயோ கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மூன்றாவது சுற்றுக்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் நாள், சாதாரண நடை. கடைக்குப் போகிற மாதிரி. பேசிக்கொண்டே நடக்கலாம், பாடக்கூடச் செய்யலாம். பெரும்பாலோருக்கு இது கிலோமீட்டருக்கு 12 முதல் 15 நிமிடத்துக்குள் அமையும். சுற்றின் மொத்த நேரத்தை எழுதி வையுங்கள்.

இரண்டாம் நாள், வேகநடை. பஸ்ஸைப் பிடிக்கப் போகிற வேகம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இந்த ஒரு சோதனையை மருத்துவர்களும் சொல்வார்கள், கருவி எதுவும் தேவையில்லை. கூடவே காலடியை எண்ணுங்கள். 15 விநாடியில் எத்தனை அடி என்று எண்ணி நான்கால் பெருக்கினால் போதும். நிமிடத்துக்கு 100 அடிக்கு மேல் வந்தால் மிதமான உடற்பயிற்சி என்ற கணக்கில் சேரும். வேகமாக நடக்க நினைக்கும் புதியவர்கள் காலை நீட்டி நீட்டி வைப்பார்கள். குதிகால் உடலுக்கு வெகு முன்னால் போய் விழுவதால் அது பிரேக் போட்டதுபோல் ஆகிவிடும், முழங்காலும் வலிக்கும். அடியைச் சிறிதாக்கி, எண்ணிக்கையைக் கூட்டுங்கள். முழங்கையை மடித்துக் கையை வீசினால் கால் தானாக வேகம் பிடிக்கும்.

மூன்றாம் நாள், மெது ஓட்டம். முதல் பத்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடேற்றிக்கொள்ளுங்கள். மார்கழிக் குளிரில் இதைத் தவிர்க்கவே கூடாது. இந்தப் பத்து நிமிடத்தைச் சுற்றில் சேர்க்காதீர்கள், ஏரிக்கு வரும் வழியிலேயே முடித்துவிடலாம். பிறகு, முழு வாக்கியம் பேச முடிகிற அளவுக்கு மட்டும் ஓடுங்கள். “காலையில் என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டால், “இட்லி” என்று ஒற்றைச் சொல்தான் வாயில் வருகிறது என்றால் வேகம் அதிகம். ‘இதைவிட மெதுவாக ஓடவே முடியாது’ என்று தோன்றும் வேகம்தான் பெரும்பாலான புதியவர்களுக்குச் சரியான வேகம். அந்த வேகத்திலும் மூச்சு இறைத்தால் கூச்சப்படாமல் நடைக்கு இறங்கிவிட்டு, மீண்டும் ஓடுங்கள்.

ஒவ்வொரு நாளும் மூன்றே விஷயம் எழுதினால் போதும்: மொத்த நேரம், காலடி எண்ணிக்கை, பேச முடிந்ததா இல்லையா. இதயத் துடிப்பு காட்டும் வாட்ச் இருந்தால் அதையும் சேர்க்கலாம், இல்லையென்றால் குறைவொன்றுமில்லை.

எண்களை எப்படி வாசிப்பது

மூன்று நேரங்களையும் ஐந்தால் வகுத்துப் பாருங்கள். 60 நிமிடம் என்றால் பேஸ் 12. 50 என்றால் 10. 45 என்றால் 9. 40 என்றால் 8. முதல் சுற்றுக்கும் இரண்டாவது சுற்றுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே எதிர்பார்த்ததைவிடக் குறைவான இடைவெளிதான் இருக்கும். சிலருக்கு இடைவெளியே இராது. அதில் தவறு எதுவும் இல்லை, உடலின் அமைப்பு அப்படி.

நடக்கும்போது ஒரு கால் எப்போதும் தரையில் ஊன்றியிருக்கிறது. அந்தக் காலின்மேல் உடல் ஏறி இறங்குகிறது, கடிகார ஊசலைத் தலைகீழாக நிறுத்தி ஆட்டியதுபோல. குறைந்த வேகத்தில் இது மிகச் சிக்கனமான முறை. மணிக்கு 7 கிலோமீட்டரைத் தாண்டும்போது அந்த ஆட்டம் ஈடுகொடுக்காது. கெண்டைக்கால் முன்பக்கம் எரியும், இடுப்பு இழுக்கும். ஓட்டத்தில் இரண்டு கால்களும் கணநேரம் தரையை விட்டு எழுகின்றன. தரையில் விழும்போது குதிகால் தசைநாண் இழுபட்டு, எழும்போது சுருங்கிக் கொஞ்சம் சக்தியைத் திருப்பித் தருகிறது. அதனால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ எட்டு, எட்டரை நிமிடம் என்ற இடத்தில் உடல் தானாகவே நடையிலிருந்து ஓட்டத்துக்கு மாறப் பார்க்கும். அதைவிட வேகமாகப் போக நடையைவிட ஓட்டம் லாபம். அதைவிட மெதுவாகப் போக நடையே லாபம்.

ஆகவே 9 நிமிடத்தில் ஓடுகிறவரும் 10 நிமிடத்தில் நடக்கிறவரும் ஒரே எல்லைக்கோட்டின் அருகே நிற்கிறார்கள். ஓடுகிறவர் உடலைத் தூக்கித் தூக்கி வைப்பதால் அதே தூரத்துக்கு அதிகச் சக்தி செலவழிக்கிறார். தோராயமாக, ஓட்டத்தில் ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கலோரி. சாதாரண நடையில் அதில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை. 60 கிலோ எடையுள்ளவர் ஏரியை ஓடிச் சுற்றினால் சுமார் 300 கலோரி, நடந்து சுற்றினால் 150 முதல் 200. அக்காவோடு பேஸ் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தும் உங்களுக்கு மட்டும் மூச்சு வாங்குவது இதனால்தான். நீங்கள் ஓடுவது வீணும் அல்ல, அக்கா நடப்பது குறைவும் அல்ல.

நடையின் உச்சம் எதுவரை போகும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் நடைப்போட்டியைப் பார்க்க வேண்டும். நம் நாட்டின் பிரியங்கா கோஸ்வாமி 2021-இல் ராஞ்சியில் 20 கிலோமீட்டரை 1 மணி 28 நிமிடம் 45 விநாடியில் நடந்து முடித்தார். கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 26 விநாடி! ஏரிச்சாலையில் ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் அவர் நடைக்கு ஈடுகொடுக்க மாட்டார்கள். கண்ணுக்குத் தெரியும்படி ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும், ஊன்றிய காலின் முழங்கால் மடங்கக் கூடாது என்ற விதிகளுக்கு உட்பட்டு, இடுப்பைச் சுழற்றி வரும் நடை அது. பல ஆண்டுப் பயிற்சியில் வருவது, நாம் திடீரென்று முயன்று பார்க்கக் கூடாதது.

பிறகு எதை வைத்துத்தான் இரண்டு பேரை ஒப்பிடுவது? நேரத்தையும் மூச்சையும் வைத்துத்தான். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி. அதாவது மூச்சு வாங்கும் ஒரு நிமிடம், வேகநடையின் இரண்டு நிமிடத்துக்குச் சமம். வாரத்தில் மூன்று நாள் வேகநடையில் ஏரியைச் சுற்றும் அக்கா 150 நிமிடத்தைத் தொட்டுவிடுகிறார். இரண்டு நாள் மூச்சு வாங்க ஓடும் நீங்கள் 90 நிமிடம் தொடுகிறீர்கள். இருவருமே கரை சேர்ந்தவர்கள்.

ஓட்டமும் நடையும் கலந்து

1972 ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே, புதியவர்களுக்கு ஓட்டத்தையும் நடையையும் மாற்றி மாற்றிச் செய்யச் சொல்லிக்கொடுத்துப் பிரபலமானவர். நம் மலைக்கு இது மிகப் பொருத்தமான முறை. உங்கள் ஓட்டம் 8, நடை 11 என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடந்தால் மொத்த பேஸ் சுமார் 9:47 வரும். இரண்டு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடந்தால் சுமார் 8:48. விடாமல் ஓடிப் பாதியில் உட்கார்ந்துவிடுவதைவிட இது எவ்வளவோ நல்லது. களைத்த பிறகு நடக்காதீர்கள். களைப்பதற்கு முன்பே, கடிகாரத்தைப் பார்த்து நடைக்கு மாறுங்கள்.

ஏற்றத்தில் பேஸைப் பார்க்காதீர்கள்

அப்சர்வேட்டரி போகும் ரோட்டிலோ, நாயுடுபுரம் ஏற்றத்திலோ ஏரியின் எண்ணை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நேய்ஸ்மித் வகுத்த கணக்கு இன்றும் பயன்படுகிறது. நமக்கு ஏற்றபடி சொன்னால், சமதளத்தில் கிலோமீட்டருக்கு 12 நிமிடம், அதற்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் 10 நிமிடம் சேர்க்க வேண்டும். இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் 120 மீட்டர் ஏறினால் 24-உடன் 12 சேர்த்து 36 நிமிடம். பேஸ் 18! எண்ணைப் பார்த்தால் ஊர்ந்து போனதுபோல் இருக்கும், உடலோ வேகநடையைவிட அதிகம் உழைத்திருக்கும்.

செங்குத்தான ஏற்றத்தில் ஓடுவதற்கும் நடப்பதற்கும் வேக வித்தியாசம் மிகக் குறைவு, மூச்சு வித்தியாசம் மிக அதிகம். மலைப்பாதைப் போட்டிகளில் தேர்ந்த ஓட்டக்காரர்களே செங்குத்து வந்தால் தொடையில் கையை ஊன்றி நடப்பார்கள். நீங்களும் மூச்சை ஒரே நிலையில் வைத்துக்கொண்டு, வேகத்தைப் பாதையின் போக்கில் விடுங்கள்.

ஏறி இறங்கும் பாதைக்குச் சராசரி போடும்போது ஒரு சூட்சுமம் உண்டு. ஏறும்போது மணிக்கு 4, இறங்கும்போது மணிக்கு 6 என்றால் சராசரி 5 அல்ல. ஒரு கிலோமீட்டர் ஏற 15 நிமிடம், அதே தூரம் இறங்க 10 நிமிடம், ஆக இரண்டு கிலோமீட்டருக்கு 25 நிமிடம். மணிக்கு 4.8 தான். மொத்த நேரத்தை மொத்தத் தூரத்தால் வகுத்தால் இந்தக் குழப்பமே வராது.

இறக்கத்தில் கிடைக்கும் வேகம் உங்களுடையது அல்ல, சரிவுடையது. அதைச் சாதனையாக எழுதி வைக்காதீர்கள். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குவதால், மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் படி இறங்கவே முடியாதபடி வலிக்கும். முதல் மாதம் இறக்கம் முழுவதையும் நடந்தே வாருங்கள். அடியைச் சிறிதாக வையுங்கள்.

கீழிருந்து வருகிறவர்களுக்கு

மதுரையிலோ திண்டுக்கல்லிலோ ஓடிப் பழகியவர்கள் இங்கு வந்து முதல் நாளே மனம் தளர்வார்கள். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் நான்கில் மூன்று பங்கைவிடச் சற்றே அதிகம். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை, ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் அளவு குறைந்துவிடுகிறது.

1968 மெக்சிகோ ஒலிம்பிக் நடந்த நகரம் ஊட்டியின் உயரத்தில், 2,240 மீட்டரில் இருக்கிறது. அங்கே 10,000 மீட்டரில் தங்கம் வென்ற கென்யாவின் நஃப்தாலி தெமு எடுத்துக்கொண்ட நேரம் 29 நிமிடம் 27.4 விநாடி. அப்போதைய உலக சாதனை, ரான் கிளார்க் 1965-இல் ஓடிய 27 நிமிடம் 39.4 விநாடி. அந்தக் கிளார்க்கே மெக்சிகோவில் ஆறாவதாக வந்து மயங்கி விழுந்தார். தங்கம் வென்றவரின் நேரமே சாதனையைவிட ஆறரை சதவீதம் கூடுதல். கீழே ஏழரை நிமிடத்தில் ஓடுகிறவர் அதே அளவு மூச்சுக்கு இங்கே 8 நிமிடத்தில் ஓடினால் அவர் பேஸ் குறையவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். நடையில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, ஏனென்றால் நடை நம் நுரையீரலின் உச்சத்தைக் கேட்பதில்லை. வந்த முதல் சில நாள்கள் நடை மட்டும் போதும். உடல் நன்றாகப் பழக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்.

எப்போது போவது

ஏப்ரல், மே சீசனில் ஏரிச்சாலை சைக்கிளும் குதிரையும் வண்டியுமாக நிறைந்துவிடும். ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலை வழுக்கும், பனிமூட்டத்தில் வண்டி ஓட்டுகிறவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். வெளிர் நிறச் சட்டை போடுங்கள். மார்கழி, தையில் ஏரிக்கரைப் புல் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் நாள்களில் வெயில் ஏறிய பிறகு கிளம்பினால் போதும்.

இருட்டில் தனியாகப் போகவே வேண்டாம். ஊருக்குள்ளேயே காட்டெருமை வரும். பார்த்ததும் நின்றுவிடுங்கள், நல்ல தூரம் விட்டுப் பின்வாங்குங்கள், பக்கவாட்டில் ஓடிக் கடக்க முயலாதீர்கள், போனை நீட்டிக்கொண்டு அருகே போகாதீர்கள். நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடைக்கு வாருங்கள். ஓடுகிறவரைத்தான் அது துரத்தும். காட்டுப் பாதைகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள்.

வீட்டில் ஒருவர் நடந்து, ஒருவர் ஓடினால்

கணவன் ஓட, மனைவி நடக்க, அல்லது மகள் ஓட, அப்பா நடக்க, ஒன்றாகக் கிளம்பி ஒன்றாகத் திரும்ப ஆசைப்படும் வீடுகள் இங்கே நிறைய. ஒருவருக்காக மற்றவர் வேகத்தைக் குறைப்பதோ கூட்டுவதோ வேண்டாம். அப்பாவின் வேகநடை 11, மகளின் ஓட்டம் 8 என்றால் ஒரு சுற்றுக்கு அப்பாவுக்கு 55 நிமிடம், மகளுக்கு 40. அப்பா 15 நிமிடம் முன்னதாகக் கிளம்பட்டும். இருவரும் ஒரே நேரத்தில் முடிப்பார்கள். எதிரெதிர்த் திசையில் ஒரே நேரத்தில் கிளம்பினால் 23 நிமிடத்தில் எதிர்ப்படுவார்கள், ஒரு கை தட்டிவிட்டுத் தொடரலாம்.

சில வாரம் கழித்து முடிவிடத்தில் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அப்பா இரண்டு நிமிடம் முன்னதாக வந்து நின்றால் அவர் நடை தேறியிருக்கிறது, அடுத்த வாரம் அவர் 13 நிமிடம் முன்னதாகக் கிளம்பினால் போதும்.